காசு கொடுத்து வாங்கும் தரத்தில் ஒரு வில்லுப்பாட்டுப் பதிவு: திருநெல்வேலிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

கொடை (கோயில் திருவிழா) முடிந்து மறுநாள் விடிவதற்குள் அந்த ஊர் வில்லுப்பாட்டு யூடியூபில் ஏறிவிடுகிறது. யாரோ போனில் எடுத்தது. குழாய் ஸ்பீக்கர் கீச்சிடும், ஜெனரேட்டர் உறுமும், முன்னின்று பாடும் புலவர் முக்கியமான இடத்துக்கு வரும்போது வேட்டுச் சத்தம் கேட்கும். ஆனாலும் அது இலவசம். அப்படியிருக்க, அதே கதையை 900 ரூபாய் கொடுத்து ஒருவர் எதற்காக வாங்க வேண்டும்? இதற்கு ஒரு தெளிவான பதில் கையில் இல்லாமல் ஒலிப்பதிவுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரு கதையைப் பதிவு செய்து விற்க நினைக்கும் புதியவர்களுக்கான வழிகாட்டி இது. வில்லுப்பாட்டை முன்னிறுத்தி எழுதியிருக்கிறோம். நையாண்டி மேளம், கணியான் கூத்து, கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு எதுவானாலும் பெரும்பாலான படிகள் இவையே.

1. என்ன விற்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒலியை மட்டும் விற்க முடியாது. அது எல்லார் போனிலும் இருக்கிறது. போனில் கிடைக்காதவை நான்கு. காப்பு (தொடக்க வணக்கம்) தொடங்கி வாழி (முடிவு வாழ்த்து) வரை ஒரு கதை முழுசாக, வெட்டில்லாமல். ஒவ்வொரு சொல்லும் புரியும் தெளிவு. பாட்டு வரிகள் அச்சில். கோயில் மைக் செட்டில் போட்டாலும் காரில் போட்டாலும் சிக்கலில்லாமல் ஓடும் பென் டிரைவ். இந்த நான்கும் இருந்தால் வாங்க ஆள் உண்டு. மும்பையிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

ஆகவே ஊர் குறித்துச் செய்யுங்கள். “சுடலைமாடன் கதை” என்று பொதுவாகப் போட்டால் நூறோடு நூற்றொன்று. சீவலப்பேரிச் சுடலைக்கும் பக்கத்து ஊர்ச் சுடலைக்கும் வரத்து (ஊருக்கு வந்த கதை) வேறு, பீடங்களின் பெயர் வேறு, உடன் நிற்கும் தெய்வங்கள் வேறு. தங்கள் கோயில் வரலாறும் தங்கள் தெய்வத்தின் பெயரும் புலவர் வாயில் வருவதற்குத்தான் மக்கள் காசு கொடுப்பார்கள்.

2. நாளைப் பின்னிருந்து எண்ணுங்கள்

விற்பனை நாள் பங்குனி உத்திரம். நெல்லைச் சீமையில் எந்த ஊரில் குடியிருந்தாலும் அன்று சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்வார்கள். அடுத்தது சித்திரை, வைகாசிக் கொடைகள், பிறகு ஆடி. பங்குனி முதல் வாரம் பென் டிரைவும் கையேடும் வைத்த பெட்டி கையில் இருக்க வேண்டுமென்றால் கணக்கு இப்படிப் போகும்.

ஆவணி, புரட்டாசியில் கதையை எழுத்தில் கொண்டுவருவதும் ஒப்பந்தமும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும். தகரக் கூரையும் ஓடும் சத்தம் கிளப்பும், ஒலிப்பதிவு வேண்டாம். மார்கழிதான் சரியான மாதம். குழுக்களுக்குக் கொடை குறைவு, மின்விசிறி இல்லாமல் உட்கார முடியும். காலையில் கோயில் ஒலிபெருக்கி ஓயட்டும். 10 மணியிலிருந்து மாலை 4 வரை வேலை செய்யுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தை மாதம் ஒலிக்கலவையும் அச்சும். மாசியில் பென் டிரைவில் ஏற்றுவதும் பெட்டி கட்டுவதும்.

அச்சுக்குச் சிவகாசி போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆடியில் தொடங்கி மார்கழி முடிய அங்கே காலண்டர் வேலை. அந்தச் சமயத்தில் 200 கையேடு என்று போய் நின்றால் உங்கள் வேலை கடைசிக்குப் போகும். தை பிறந்தபின் கொடுங்கள்.

ஆனி, ஆடியில் ஒலிப்பதிவு வைக்கவே வைக்காதீர்கள். தென்காசிக் கணவாய்க் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து மைக்கில் மோதினால், அந்த இரைச்சலைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாது.

3. மெட்டு யாருடையது?

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்றைய வில்லுப்பாட்டில் சினிமா மெட்டு சாதாரணம். கூட்டமும் அதற்குத்தான் கைதட்டும். கோயில் சடங்கின்போது பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52இல் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு மேடையோடு முடிந்தது. அதே பாட்டைப் பதிவு செய்து விற்றால் மெட்டின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். வரிகளை முழுக்க மாற்றி அம்மன் மேல் பாடியிருந்தாலும் மெட்டு அவருடையதுதான்.

சட்டத்தில் 31சி என்று ஒரு வழி உண்டு: ஏற்கெனவே வெளியான பாட்டை வேறு குரலில் பதிவு செய்யும் உரிமம். ஆனால் முதல் பதிவு எடுத்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். 200 பிரதி போடுகிறவருக்கு அது ஆகாது.

சினிமா மெட்டை எடுத்துவிட்டுப் புலவரின் பழைய வில்லுமெட்டுகளைப் பாடச் சொல்லுங்கள். நொண்டிச்சிந்து, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி மெட்டுகளுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் தந்த காவடிச்சிந்து மெட்டுகளுக்கும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்குகிற பெரியவர்கள் எதிர்பார்ப்பதும் இந்த மெட்டுகளையே.

கதைக்கும் இதே சோதனை. வாய்மொழிக் கதை பொதுச் சொத்து. ஆனால் புலவர் தாமே கட்டிய வரிகள் அவருடையவை. அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. அவர் தம் ஆசானின் நோட்டைப் பார்த்துப் பாடுகிறார் என்றால் ஆசான் குடும்பத்திடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பாடபேதம் (ஒரே கதையின் வேறு வேறு வடிவம்) ஒப்பிட உதவி வேண்டுமென்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. முறையாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டும். பழைய கதைகளில் சாதிப் பெயர்களும் ஏச்சும் வரும். மேடையில் முன்பின் கதையோடு கேட்டவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பதிவில் வந்தபின் அந்த 20 விநாடியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நம் மாவட்டத்தில் அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. புலவரோடும் இரண்டு பக்கப் பெரியவர்களோடும் உட்கார்ந்து அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். யாரையும் கேட்காமல் நீங்களாக வெட்டினாலும் வம்பு, வெட்டாமல் விட்டாலும் வம்பு.

4. கலைஞர்களோடு எழுத்தில்

வாய்ப்பேச்சு போதாது. புலவர், பின்பாட்டுக்காரர், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று ஆறு பேர் என்றால் ஆறு கையெழுத்து. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சட்டப்படி நிகழ்த்துநர் உரிமை உண்டு. 50 ஆண்டு நிற்கும். அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யவும் விற்கவும் கூடாது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் வர வேண்டியவை: எந்தக் கதை, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு பணம், எப்போது. பிரிவு 19 ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. உரிமையை எழுதி வாங்கும்போது ஆண்டு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். துபாயில் இருப்பவருக்கு இணையத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் “உலகம் முழுவதும்” என்ற சொல் தாளில் இருக்க வேண்டும். உரிமை வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்பதால், வெளியீடு தள்ளிப்போக வாய்ப்பிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பணத்தில் எங்கள் கருத்து இது: ஒலிப்பதிவு நாளுக்குச் சம்பளம் தனி, விற்பனையில் பங்கு தனி. சம்பளத்தோடு முடித்துவிட்டால் குழு அந்தப் பதிவைத் தன்னுடையதாக நினைக்காது. பங்கு இருந்தால் ஒவ்வொரு கொடை மேடையிலும் புலவரே அதைச் சொல்லி விற்றுத் தருவார். அதைவிடப் பெரிய விளம்பரம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், அட்டையில் பெயர் எப்படி வர வேண்டும் என்று அவரவர் கையால் எழுதிய சீட்டு, மூன்றையும் அன்றைக்கே வாங்கி வையுங்கள். முத்திரைத்தாள் மதிப்பை ஆவண எழுத்தரிடம் கேட்டு வாங்குங்கள்.

5. ஒலிப்பதிவு

கொடையில் எடுத்த பதிவை விற்காதீர்கள். தனியாக உட்கார வைத்து எடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரக் கதைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

இடம். கல்யாண மண்டபம் வேண்டாம், எதிரொலி. பள்ளி வகுப்பறையும் அப்படியே. நெல் மூட்டையோ பஞ்சு மூட்டையோ அடுக்கிய அறை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மூட்டை ஒலியை வாங்கிக்கொள்ளும். சுவரில் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டுப் பயனில்லை, அது மெல்லியது. பஞ்சு மெத்தை, தடித்த ஜமுக்காளம் வேண்டும். பக்கத்து வயலில் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், மயில் எப்போது அகவும் என்று முந்தின நாள் அதே நேரத்தில் அறையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

மின்சாரம். மலிவான இன்வெர்ட்டரில் ஓடினால் பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை ஏறும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் இல்லாத பழைய வீட்டு பிளக்கில் மிக்சரை மாட்டாதீர்கள். டியூப் லைட்டை அணையுங்கள்.

உட்காரும் முறை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்து ஒட்டுவது சினிமாப் பாட்டுக்குச் சரி. வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலை (வில்லை அடிக்கும் கோல்) ஓங்குவதைப் பார்த்துத்தான் குடத்தில் அடி விழும், பின்பாட்டின் “ஆமா” விழும். மேடையில் உட்காரும் அதே வரிசையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி உட்காரட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பாடட்டும்.

மைக். புலவருக்கு ஒரு டைனமிக் மைக் போதும். அவர் முன்னால்தான் வில் கிடக்கிறது, வில்லில் மணி தொங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் மணிச்சத்தம் நேரே அவர் மைக்கில் ஏறிச் சொல்லை மறைக்கும். அதனால் மைக்கை வாய்க்கு முன்னால் சற்றுக் கீழே, அரை அடி தூரத்தில், புலவர் முகத்தை நோக்கி மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். மைக்கின் முதுகு வில் பக்கம் இருக்க வேண்டும். வில்லுக்கு ஒரு கண்டென்சர் மைக், மூன்றடி மேலே. குடத்துக்கு ஓரடி தூரத்தில் ஒன்று, ஆனால் குடத்து வாய்க்கு நேராக வேண்டாம். பத்தி (குடத்து வாயில் அடிக்கும் மட்டை) விழும்போது கிளம்பும் காற்று மைக்கில் மோதிப் ‘புஸ்’ என்று கேட்கும். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். உடுக்கைக்கு ஒன்றரை அடி. தாளத்துக்கு மைக்கே வேண்டாம். ஜால்ரா எல்லா மைக்கிலும் தானாக ஏறும். தாளக்காரரைப் பின்னால் தள்ளி உட்கார வைப்பதுதான் அதற்கான வழி. கணியான் கூத்து என்றால் மகுடம் என்ற தோல்கருவி இரண்டுக்கும் தனித்தனி மைக் வையுங்கள். மார்கழிப் பனியில் தோல் தளரும் என்பதால் ஒவ்வொரு பகுதிக்கு முன்னும் சூடு காட்ட நேரம் கொடுங்கள்.

அளவு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சச் சத்தம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒத்திகையில் புலவர் மெதுவாகப் பாடுவார். கதை சூடு பிடித்து தெய்வம் பிறக்கும் இடத்தில் குரல் இரண்டு மடங்காகும். ஒத்திகையை வைத்து அளவு குறித்தால் அந்த இடத்தில் பதிவு கிழியும். கிழிந்ததைத் தைக்க முடியாது. எட்டு மைக் தனித்தனி டிராக்காக ஏறினால் மணிக்குச் சுமார் 4.15 ஜிபி ஆகும். இரண்டு நாளுக்கு 100 ஜிபி காலியாக வைத்துக்கொண்டால் கவலையில்லை.

ஒவ்வொரு பகுதி தொடங்கும் முன்னும் அரை நிமிஷம் யாரும் அசையாமல் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். பின்னால் இரைச்சல் நீக்க அது வேண்டும். அன்று மாலையே மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

தவறினால் முதலிலிருந்து வேண்டாம். இரண்டு அடி முன்னால் போய்த் தொடரச் சொல்லுங்கள். தாளம் சேரும் இடத்தில் வெட்டி ஒட்டிவிடலாம்.

6. கலவையும் மாஸ்டரிங்கும்

எல்லா மைக்கின் ஒலியையும் அளவாகச் சேர்ப்பது கலவை, வெளியிடும் முன் இறுதியாகச் சரிசெய்வது மாஸ்டரிங். ஒலிக்கலவை செய்பவர் சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அழுத்திவிடுவார். வில்லுப்பாட்டில் புலவர் தணிந்து கதை சொல்வதும் திடீரென்று எழுப்புவதும்தான் உயிர். தணிந்த பேச்சு தணிந்தே கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். இணையச் சேவைகளுக்கு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 என்பது பரவலான அளவு. பென் டிரைவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இறுதி ஒப்புதலுக்கு முன் நான்கு இடத்தில் கேளுங்கள்: போன், கார், வீட்டு ஸ்பீக்கர், கோயில் குழாய். குழாயில் தாழ்ந்த ஓசை வராது. குடத்தின் கும்மென்ற ஒலி காணாமல் போய், பத்தி படும் ‘டப்’ மட்டும் மிஞ்சும். அந்த ‘டப்’ கேட்கும்படி கலவையில் விட்டு வைக்க வேண்டும். கோயில் மைக் செட் பெரும்பாலும் மோனோ, இடம் வலம் பிரியாமல் ஒரே ஒலியாக வரும். இடம் வலம் என்று பின்பாட்டை அகலமாகப் பிரித்திருந்தால், மோனோவில் குரல் தேயும். மோனோவில் போட்டுக் காட்டச் சொல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

7. டிராக் பிரிப்பதும் பென் டிரைவும்

சிடி வேண்டாம். 80 நிமிஷம்தான் கொள்ளும், போட்டுக் கேட்கக் கருவியும் இப்போது வீடுகளில் இல்லை.

மூன்று மணி நேரத்தை ஒரே கோப்பாகப் போட்டால் விட்ட இடத்தைத் தேட முடியாது. கதை தானே பிரிந்து நிற்கிறது: காப்பு, வருபொருள் (கதையின் அறிமுகம்), குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டுவளம், பிறகு கதைக்கூறுகள், கடைசியில் வாழி. கதைக்கூறை 6 முதல் 12 நிமிஷத் துண்டுகளாக, ஒரு காட்சி முடியும் இடத்தில் பிரியுங்கள். சாமி அழைக்கும் பகுதியைக் கட்டாயம் தனி டிராக்காக வைத்து, பெட்டியிலும் குறிப்பிடுங்கள். வண்டி ஓட்டும்போது அதைத் தாண்டிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாமக்கொடைக்கு (நள்ளிரவுப் பூசை) அதை மட்டும் தேடி எடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

பென் டிரைவ் 8 ஜிபி போதும். 320 கேபிபிஎஸ் எம்பி3யில் மூன்று மணி நேரம் சுமார் 432 எம்பிதான். முழுத்தர வேவ் கோப்பு சுமார் 3.1 ஜிபி, அதை ஒரே ஜிப் கோப்பாகச் சுருட்டி உள்ளே வைத்தால் கார் கருவி அதைத் தொடாது, தரம் வேண்டியவர் கணினியில் எடுத்துக்கொள்வார். இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், பென் டிரைவை ஃபார்மேட் செய்யும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஃபேட்32ஐ விடவும் கூடாது, பழைய கார்களும் ஸ்பீக்கர் பெட்டிகளும் அதை மட்டும்தான் படிக்கும்.

கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், 01, 02 என்று தொடங்கி வையுங்கள். தமிழ் எழுத்து பல கருவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஏற்றும்போது வரிசையாக ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மலிவான கருவிகள் பெயர் வரிசை பார்க்காது, ஏறிய வரிசையில் பாடும். மொத்தமாக இழுத்துப் போட்டால் வாழி முதலில் வந்து காப்பு நடுவில் வரும். ஆப்பிள் கணினியில் ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாத சில்லறைக் கோப்புகள் சேர்ந்து சில கருவிகளைத் தடுமாறச் செய்யும். விண்டோஸில் ஏற்றுவது நல்லது.

மொத்த விலையில் வாங்கும் பென் டிரைவில் போலிக் கொள்ளளவு உண்டு. 8 ஜிபி என்று காட்டும், 2 ஜிபிக்கு மேல் எழுதினால் அழிந்துவிடும். முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் ஐந்து மாதிரி வாங்கிச் சோதித்த பிறகே 200க்குப் பணம் கட்டுங்கள்.

பூட்டுப் போடும் மென்பொருள் வேண்டாம். நகல் எடுப்பவர் எப்படியும் எடுப்பார். பூட்டினால் காசு கொடுத்தவர் காரில்தான் ஓடாது.

8. கையேடும் பெட்டியும்

பாட்டு வரிகள், கோயில் வரலாறு, கலைஞர் படம், பீடங்களின் வரிசை. 32 பக்கம் போதுமானது. பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும். வாங்குகிறவர் பலர் 50 வயதைத் தாண்டியவர்கள், எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாது.

நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறும், ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ உடையும். மாற்றிய பிறகு வரும் பிடிஎஃப்பை வரி வரியாகப் படியுங்கள், தெய்வப் பெயர்களை இருமுறை. 200, 300 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு. 1,000 வரை போனால்தான் ஆஃப்செட் கட்டும்.

பெட்டி அட்டையில் இருக்கட்டும், பிளாஸ்டிக் உறை வேண்டாம். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில் போன்ற இடங்கள் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக்கை எடுத்து வைத்துவிடுவார்கள்.

பெட்டியிலும் பென் டிரைவிலும் சட்டம் கேட்கும் விவரம் மூன்று (பிரிவு 52ஏ): பதிவைத் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு. விட்டால் தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். பென் டிரைவ் சிறியது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்; ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுக் கயிற்றில் கட்டுங்கள். பெட்டியில் இவற்றோடு அதிகபட்ச சில்லறை விலை, பொருளின் பெயர், எண்ணிக்கை, மாதம், ஆண்டு, புகாருக்கான போன் எண்ணும் வேண்டும்.

9. பதிவும் வரியும்

பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை, உரிமை தானாகவே வந்துவிடும். வழக்கு என்று வந்தால் சான்று உதவும். ஒலிப்பதிவுக்குக் கட்டணம் 2,000 ரூபாய், பாட்டு வரிக்கு 500. இணையத்தில் படிவம் 14, கலைஞர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பதிவின் பிரதி, அடையாளச் சான்று. டயரி எண் (விண்ணப்ப எண்) வந்தபின் 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருப்பார்கள். அதன் பிறகே பரிசீலனை. வெளியீட்டை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

ஐஎஸ்ஆர்சி எண் என்பது ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் சர்வதேச எண், ஒவ்வொரு டிராக்குக்கும் 12 எழுத்து. இணைய விநியோகம் செய்யும் நிறுவனமே பெரும்பாலும் தரும்.

ஜிஎஸ்டி: உள்மாநிலத்தில் சரக்கு மட்டும் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆனால் ஒரே ஒரு பெட்டியை மும்பைக்கு விலைக்கு அனுப்பினாலும் அது வெளிமாநிலச் சரக்கு விற்பனை. தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும். டவுன்லோடாக விற்றால் அது சேவை, 20 லட்சம் வரை அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பதிவு இல்லாதவர்கள் வெளிமாநிலத்தாருக்கு டவுன்லோடு கொடுத்துவிட்டு, பெட்டியை ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். இதைக் கணக்காளரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. விலை

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஒலிப்பதிவு இரண்டு நாள் 16,000. கலவை, மாஸ்டரிங் 15,000. ஆறு கலைஞர், நாளுக்கு 2,000 வீதம் இரண்டு நாள் 24,000. படம், அட்டை வடிவமைப்பு 5,000. ஆக 60,000. இது ஒரு பிரதி விற்றாலும் ஆயிரம் விற்றாலும் மாறாது. பென் டிரைவ் 250, பெட்டி 60, கையேடு 70. ஒரு பிரதிக்கு 380.

விலை 900 என்றால் ஒரு பிரதியில் மிஞ்சுவது 520. 116 பிரதி விற்றால் போட்ட காசு வரும். அதற்கு மேல் விற்பதில்தான் கலைஞர் பங்கும் உங்கள் உழைப்பும். கடையில் வைத்தால் கமிஷன் போகும், அதையும் கழித்துப் பாருங்கள். 116 பேரின் பெயரை ஒரு தாளில் எழுத முடியாவிட்டால், செலவைக் குறையுங்கள் அல்லது கதையை மாற்றுங்கள்.

பென் டிரைவ் இல்லாமல், கையேட்டோடு க்யூஆர் அட்டை வைத்து டவுன்லோடாக 400க்கு ஒரு மலிவுப் பதிப்பும் போடலாம். இளையவர்கள் அதைத்தான் வாங்குவார்கள்.

11. விற்பது

முன்பதிவில் தொடங்குங்கள். கொடை நோட்டீஸில் வரிக்காரர் (கோயில் வரி கொடுப்பவர்) பெயர் வருவது போல, முன்பணம் கட்டியவர் பெயரைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அச்சிடுவோம் என்று சொல்லுங்கள். தாத்தா பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லிப் பணம் அனுப்புவார்கள். பெயர்களை அகர வரிசையில் மட்டும் போடுங்கள். தொகை வரிசை, பங்காளி வரிசை, மரியாதை வரிசை எதுவும் வேண்டாம்; கோயிலில் உள்ள முதல் மரியாதைச் சண்டை புத்தகத்துக்குள்ளும் வந்துவிடும். தலைப்பெழுத்தை அவரவர் எழுதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியிலிருந்தே எடுங்கள், கேட்டு எழுதாதீர்கள்.

சந்தை இருக்கும் இடம் குலதெய்வ வாட்ஸ்அப் குழுக்கள். ஒரு நிமிஷ மாதிரியை ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப் ஒலியை நசுக்கிவிடக்கூடும், அதைக் கேட்டுத்தான் உங்கள் தரத்தை எடைபோடுவார்கள்.

யூடியூபில் காப்பும் ஒரு கதைக்கூறும் போதும், அதையும் நல்ல இடத்தில் நிறுத்துங்கள். இணைய இசைச் சேவைகளிலிருந்து பெரிய வருமானம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத டிராக்குக்குப் பணமே தருவதில்லை. அங்கே இரண்டு டிராக் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படும், அவ்வளவுதான். விநியோக நிறுவனம் “கன்டென்ட் ஐடி (யூடியூபில் உங்கள் ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் முறை) வேண்டுமா” என்று கேட்டால் வேண்டாம் என்று குறியுங்கள். பழைய மெட்டுக்கு நீங்கள் உரிமை கோரியதாகி, உங்கள் புலவரின் சொந்தச் சேனலுக்கும் ஊர்க்கொடை வீடியோவுக்கும் தடை போய்ச் சேரும்; பிறகு அந்த ஊரில் ஒரு பெட்டி விற்காது.

வெளிநாட்டாருக்கு விற்க பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளம் நல்லது. டிஜிட்டலில் 15 சதவீதம், பொருளில் 10 சதவீதம் எடுப்பார்கள், முழுத்தரக் கோப்பைக் கேட்பார்கள். பணம் பேபால் வழியே வரும். அதற்கு பான் எண் வேண்டும். இந்தியாவுக்குள் பேபால் பணப்பரிமாற்றம் 2021 ஏப்ரலில் நின்றுபோனதால், உள்நாட்டாருக்கு யுபிஐ தனியாக வையுங்கள்.

பங்குனி உத்திரத்தன்று கோயில் வளாகத்தில் மேசை போட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம், ஒரு மாதம் முன்பாக. காட்டுக்குள் இருக்கும் சாஸ்தா கோயில்களில் போன் சிக்னல் கிடையாது, யுபிஐ ஓடாது. சில்லறையும் ரசீதுப் புத்தகமும் கொண்டுபோங்கள்.

12. விற்ற பிறகு

ஒவ்வொரு பெட்டிக்கும் கையால் வரிசை எண் எழுதி, வாங்கியவர் பெயரும் போன் எண்ணும் குறித்து வையுங்கள். ஓடவில்லை என்று போன் வந்தால் முதலில் வேறு கருவியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் ஓடாவிட்டால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். இதற்காக முதலிலேயே 10 பென் டிரைவ் அதிகம் வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் சொன்ன தேதியில், விற்ற எண்ணிக்கையும் வரிசை எண்களும் போட்ட ஒரு பக்கக் கணக்கோடு கலைஞர்களுக்குப் பங்கைக் கொடுங்கள். வங்கி வழியாகவே கொடுங்கள். முழுத்தரப் பதிவின் ஒரு பிரதி புலவர் வீட்டிலும் இருக்கட்டும்.

தீர்ந்துபோய் இரண்டாம் முறை அச்சிடும்போது கையேட்டுப் பிழைகளைத் திருத்துங்கள், மாதத்தையும் விலையையும் மாற்றுங்கள். முதல் வெளியீட்டு ஆண்டை மட்டும் மாற்றாதீர்கள். சட்டம் கேட்பது முதல் ஆண்டைத்தான்.